வீட்டுக்குள் கார்டு கிடையாது

டிசம்பர் 1

இந்த டைரி என் மகன் ஆசீருக்கு ஜனவரி முதல் தேதி ஒரு பெயிண்ட் கடையில் கொடுத்தது. அவன் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. மார்ச்சில் நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். எழுத்து கோணலாகத்தான் வரும். வாயால் பேசினால் சண்டை வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இன்று ஸ்டார் ஏற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இல்லை. இழவு விழுந்த வருஷம் ஸ்டார் கட்டுவதில்லை, எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை, புதுத்துணி எடுப்பதில்லை. பலகாரம் பக்கத்து வீடுகளில் இருந்து வரும். அதுதான் வழக்கம்.

மருமகள் எப்சிபா சாயங்காலம் கக்கத்தில் எதையோ சுருட்டி வைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னட்டி அது?"

"சார்ட்டுத் தாளு அத்த. கிறிஸ்மஸ் கார்டு செய்யுததுக்கு."

"இந்த வருசமுமா?"

"அவிய இருந்தா செஞ்சிருப்பாவல்லா."

பெற்றவள் நான். அவன் இருந்தால் என்ன செய்திருப்பான் என்று இவள் எனக்குச் சொல்லித் தருகிறாள். கட்டி நாலு வருஷம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பாஸ்டரம்மா எப்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பொம்பளைகள் எல்லாம் அவளைச் சுற்றி நின்றார்கள். "சின்ன வயசு, பாவம், சின்ன வயசு" என்றார்கள். நான் அவளுடைய பைபிளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். என் கையை யாரும் பிடிக்கவில்லை. எனக்கு வயதாகிவிட்டதால் தாங்கும் போல.

டிசம்பர் 3

கார்டு செய்ய ஆரம்பித்துவிட்டாள். உள்ளறையில் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருக்கிறாள். ஆசீர் உட்காருகிற அதே இடம்.

அவனுக்கு நம்பர் பிளேட், பெயர்ப்பலகை எழுதுகிற கடை. டிசம்பர் வந்தால் வீட்டில் கார்டு. தடித்த தாளை மடித்து, அதன்மேல் நட்சத்திரம் வெட்டிய தகட்டை வைத்து, பிரஷில் கலரைத் தொட்டு சீப்பில் தேய்ப்பார்கள். கலர் பூத்தூறலாக விழும். தகட்டை எடுத்தால் நட்சத்திரம் நிற்கும். தெருவில் ஒரு வீடு விடாமல் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

கல்யாணத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து செய்வார்கள். உள்ளே சிரிப்பாக இருக்கும். நான் அடுக்களையில் நின்று சாப்பிடக் கூப்பிடுவேன். "இந்தா வாறோம்மா" என்பான். வரமாட்டான். குழம்பை மறுபடி சுட வைப்பேன். என்ன சிரிப்பு என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லியிருப்பானோ என்னவோ.

எனக்கு அவன் கார்டு கொடுத்ததே இல்லை. ஒரு வருஷம் கேட்டேவிட்டேன். "ஒரே வீட்டுக்குள்ள யாராவது கார்டு குடுப்பாவளாம்மா? கார்டு வேற வீட்டுக்குல்லா" என்றான். சரிதான். எப்சிக்கும் கொடுத்ததில்லை, அது ஒரு ஆறுதல்.

சாயங்காலம் தலை சீவினேன். வெளியே நின்ற பக்கத்து வீட்டு ரெஜினா, "என்ன மைனி, நரைக்கெல்லாம் செவப்பா சாயம் போட்டிருக்கிய?" என்று சிரித்தாள். தொட்டுப் பார்த்தால் கையெல்லாம் சிவப்பு. என் சீப்பை எடுத்துக் கலர் தேய்த்திருக்கிறாள். அவளுக்குச் சீப்பு இல்லையா?

டிசம்பர் 5

சாளை மீன் குழம்பு. எப்சிக்குச் சாளை என்றால் உயிர். இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். துக்கம் இருக்கிறவள் சாப்பிடுகிற சாப்பாடா அது?

டிசம்பர் 7

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

எப்சி கடைக்குப் போயிருந்தாள். நான் உள்ளறையைக் கூட்டினேன். கார்டுகளுக்கு அடியில் அந்தத் தகடு இருந்தது. கருப்பாக இருந்தது. எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். எக்ஸ்ரே பிலிம். விலா எலும்பு வரிசையாகத் தெரிந்தது. நடுவில் நட்சத்திரமாக ஓட்டை.

மார்ச்சில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற அறைக்கு வெளியே அவன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சட்டை சூடாக இருந்தது, காய்ச்சல் சூடு. அப்புறம் அந்தப் பிலிமைப் பெரிய கவரில் போட்டு எப்சி கையில்தான் கொடுத்தார்கள். நானும் கையை நீட்டினேன். நர்சு, "நீங்க வீட்டம்மாவா?" என்று அவளைக் கேட்டுவிட்டு அவளிடம் கொடுத்தாள். அன்றைக்குப் போன பிலிம் என் கண்ணில் படவே இல்லை. இன்றைக்குப் பட்டது, இப்படி.

பேர் போட்டிருக்கிற மூலையையும் வெட்டியிருக்கிறாள்.

வெட்டி எடுத்த நட்சத்திரம் தாள் துண்டுகளுக்குள் கிடந்தது. உள்ளங்கை அளவு. துடைத்து என் பைபிளுக்குள் வைத்துக்கொண்டேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் அழுவாள். அவள் அழுதால் ஊரே அவள் பக்கம்.

டிசம்பர் 8

"அத்த, இங்கன நட்சத்திரம் மாதிரி ஒரு பிலிம் துண்டு கெடந்துச்சா?"

"கூட்டி அள்ளினேன். குப்பையோட போயிருக்கும்."

"ஐயோ, அத வச்சாத்தான் வெள்ள நட்சத்திரம் வரும். நட்சத்திரத்த வச்சிச் சுத்திக் கலர் அடிக்கணும்."

"எனக்கு என்னட்டி தெரியும் ஒன் கார்டு வித்தையெல்லாம்?"

அவள் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போய்க் குனிந்து கிளறினாள். நான் அடுக்களை ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். சந்தோஷமாக இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் சந்தோஷம்தான். அவளிடம் ஓட்டை, என்னிடம் நட்சத்திரம்.

டிசம்பர் 10

காலையில் ஜெபம் முடிந்ததும் நட்சத்திரத்தை எடுத்து முத்தம் கொடுக்கிறேன். எப்சி குளிக்கப் போகிற நேரம் பார்த்துச் செய்கிறேன்.

இன்று அதை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அடிப்பக்கம் வெள்ளையாகத் தெரிகிறது, அதுதான் இருதயமாக இருக்கும். மேல் கூரில் தோளுக்குப் போகிற காறை எலும்பு. இடது பக்கம். ஆசீருக்கு எட்டு வயதில் அந்த எலும்பு உடைந்தது. பாஸ்டர் வீட்டுக் கொய்யா மரத்தில் திருட்டுத்தனமாக ஏறி விழுந்தான். எலும்பு வைத்தியர் கட்டுப் போட்டார். கூடிவிட்டது, ஆனால் அந்த இடத்தில் ஒரு முடிச்சு மாதிரித் தடித்து நின்றுவிட்டது. எண்ணெய் தேய்க்கும்போது என் விரல் அதில் தட்டும். பெரியவனான பிறகு எண்ணெய் தேய்க்க விடவில்லை, அப்புறம் தட்டவில்லை.

பிலிமில் அந்த முடிச்சைக் காணோம். எலும்பு வழவழவென்று நேராக ஓடுகிறது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். பிலிம் மங்கியிருக்கும்.

டிசம்பர் 12

எப்சியின் அண்ணன் சாம்சன் நாசரேத்திலிருந்து போன் பண்ணினான். பண்டிகைக்கு முன்னால் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறானாம். "பண்டியலுக்கா?" என்று கேட்டேன். "ஆமா அத்த, பெறவு பாப்போம்" என்றான். அந்தப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியும்.

என்னோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ரெஜினா எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள்.

"கல்யாணப் பேச்சு நடக்குதாம் மைனி. ஒரு வாத்தியாராம். மொத பொண்டாட்டி தவறிட்டாளாம். பிள்ள கிடையாதாம்."

"நடக்கட்டும்."

"ஒங்களுக்கு வருத்தமில்லையா?"

"எனக்கு என்னத்துக்கு வருத்தம்? எனக்குப் பெறந்தவளா அவ? போனா ஒரு ஆளுக்கு ஒல கொறையும்."

"அப்ப ஏன் மைனி கீரைக்குப் பதிலா காம்பைப் போடுதிய சட்டிக்குள்ள?"

ரெஜினாவுக்கு வாய் நீளம்.

டிசம்பர் 14

கேரல் பவனி வந்தது. இழவு வீட்டு முன்னால் டிரம் அடிக்க மாட்டார்கள். தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, வாசலில் நின்று மெதுவாக ஒரு பாட்டுப் பாடி ஜெபம் பண்ணிவிட்டுப் போவார்கள். அப்படியே செய்தார்கள். அதுவரை எல்லாம் நன்றாக இருந்தது.

ஜெபம் முடிந்ததும் எப்சி உள்ளே போய்க் கார்டுகளைக் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். "இழவுக்கு மூணு நாளும் சோறு கொண்டாந்து தந்திய. நன்றின்னு சொல்லக்கூட எங்களுக்குத் தெம்பில்ல. அவிய செய்யுத மாதிரியே செஞ்சிருக்கேன்" என்றாள்.

டிரம் அடிக்கிற ஜோயல் கார்டைப் பார்த்துவிட்டு, "ஆசீர் அண்ணன் கை மாதிரியே இருக்கு மைனி" என்று கண்ணைத் துடைத்தான். எல்லோரும் அழுதார்கள். எல்லோரும் அவளைப் பார்த்தே அழுதார்கள். பாஸ்டரம்மா அவள் தோளில் கை போட்டார்கள். நான் காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருத்தர், "அம்மா, சீனி கொஞ்சம்" என்றார்.

அவ்வளவுதான், என் வாய் திறந்துவிட்டது.

"நல்லாப் பாருங்க. எம்மவன் நெஞ்ச வெட்டித்தான் ஒங்களுக்கெல்லாம் கார்டு போட்டிருக்கா. அவன் எக்ஸ்ரேய! கேளுங்க அவகிட்ட!"

ஜோயல் கார்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றான். எப்சி என்னையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. உள்ளே போய்விட்டாள். காப்பியை யாரும் குடிக்கவில்லை.

டிசம்பர் 15

விடிந்து பல் தேய்த்துவிட்டு வந்தால் அவள் என் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் கல்யாணப் புடவை. மடிப்பைப் பிரித்தாள். உள்ளே அந்தப் பெரிய கவர்.

"பாருங்க அத்த."

பிலிமை உருவி ஜன்னலில் பிடித்தாள். முழுசாக இருந்தது. ஓட்டை இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. மூலையில் ஆசீர் என்று பேரும் வயதும் இருந்தது.

"இதப் போயி வெட்டுவேனா அத்த? எனக்கு வேற என்ன இருக்கு?"

"அப்ப அது?" என்றேன்.

"கடைக்குப் பழய பிலிமக் கட்டுக்கட்டா வாங்கிப் போடுவாவல்லா. நம்பர் வெட்டுததுக்கு. அதுல ஒண்ணு."

பைபிளைத் திறந்து நட்சத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"இங்கனயா இருந்துச்சு?"

"தெனமும் முத்தம் குடுத்தேன்டி."

"யாருக்கு?"

"எனக்கு என்ன தெரியும், யாருக்குன்னு!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். "பொம்பளையாக்கூட இருக்கும் அத்த." நான் முறைத்தேன். "பாளையங்கோட்டைப் போலீஸ்காரராக்கூட இருக்கும்." எனக்கும் வந்துவிட்டது. கட்டில் ஆட ஆடச் சிரித்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு இந்த வீட்டில் அதுதான் முதல் சிரிப்பு. உள்ளறையில் அவர்கள் சிரித்தது இப்படித்தான் இருந்திருக்குமோ?

அப்புறம் பிலிமை மறுபடி பார்த்தோம். முடிச்சு இருந்தது. நான் விட்டுவைத்த இடத்திலேயே இருந்தது.

"இங்கன எதுக்கு அத்த தடிச்சிருக்கு? டாக்டர்ட்ட கேக்க நெனச்சேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு."

"ஒங்கிட்டச் சொன்னதில்லையா?"

"சைக்கிள்ல இருந்து விழுந்தேன்னாவ."

"சைக்கிளா? பாஸ்டர் வீட்டுக் கொய்யாக்கா திருடப் போயி விழுந்தான்."

அவளுக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. எழுந்து போய்க் காப்பி போட்டேன். நல்ல காப்பியாக வந்தது. அவளிடம் கொடுத்தபோது சொன்னாள், "மழை வந்தா அந்த எடம் குத்தும்னு தைலம் தேச்சிவிடச் சொல்லுவாவ அத்த."

என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் தேய்த்துவிட மாட்டேனா? என் காப்பி கசந்துவிட்டது.

நேற்றுப் பேசியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பாஸ்டரம்மாவிடமும் ஜோயலிடமும் நானே போய், நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளிடம் சொல்ல வரவில்லை.

டிசம்பர் 17

நட்சத்திரம் கிடைத்ததால் வெள்ளை நட்சத்திரக் கார்டு ஆரம்பித்தாள். பிலிம் துண்டு காற்றில் நகர்கிறது, ஒரு ஆள் பிடிக்க வேண்டும் என்றாள். பிடித்தேன். "அசையாதீங்க அத்த." அசையவில்லை. "மூச்ச விடுங்க அத்த, அதுக்குத் தடையில்ல." வாயாடி.

சீப்பு என்னுடையதுதான். போகட்டும்.

நீலம் தூறலாக விழுந்தது. நட்சத்திரத்தைத் தூக்கினால் சுற்றிலும் நீலம், நடுவில் வெள்ளை. ஒன்றில் மட்டும் என் விரல் வெளியே நீண்டுவிட்டது. நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக என் விரல் நுனி விழுந்துவிட்டது. "கெட்டுப்போச்சே" என்றேன். அவள் அதைத் தனியாக எடுத்து வைத்தாள். கழிக்கத்தான் இருக்கும்.

டிசம்பர் 20

தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாயிற்று. இந்த வருஷம் நானும் கூடப் போனேன். ரெஜினா, "கார்டு குடுக்க மாமியாரும் மருமவளும் சோடி போட்டு வந்துட்டியளா?" என்றாள். முறுக்கு கொடுத்தாள். உப்பு இல்லை.

டிசம்பர் 22

சாம்சன் வந்தான். சாளை வாங்கிக் குழம்பு வைத்திருந்தேன். வாத்தியார் நல்லவரா என்று அவனிடம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். நல்லவராம்.

எப்சி பெட்டி கட்டினாள். கல்யாணப் புடவையைப் பெட்டியில் வைத்தாள். கவரை எடுத்து என் கட்டிலில் வைத்தாள்.

"இது ஒங்ககிட்ட இருக்கட்டும் அத்த."

"ஒனக்கு வேற என்ன இருக்குன்னு சொன்ன?"

"ஒங்களுக்கும் வேற என்ன இருக்கு?"

மனசாரத்தான் கொடுத்தாள். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அதுதான் உண்மை.

"அந்த நட்சத்திரத்த நான் கொண்டு போறேன்" என்றாள்.

"யாரு நெஞ்சோ. ஒனக்கு என்னத்துக்கு?"

"யாரு பெத்த பிள்ளையோ, ஒங்ககிட்ட முத்தம் வாங்கியிருக்கு. அத எப்படிக் குப்பைல போடுதது?"

எப்போது வருவாய் என்று கேட்க நினைத்தேன். "குழம்ப தூக்குச்சட்டில ஊத்தித் தரவா?" என்று கேட்டேன். சாம்சன், "அம்மா அங்க கோழி அடிச்சி வச்சிருக்காவ" என்றான். ஆட்டோவில் ஏறினாள். திரும்பிப் பார்த்தாள். நான் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

சம்பந்தியம்மா கனகபாய் கோழிக்குழம்பில் தேங்காயைக் கொட்டுவாள். எப்சிக்கு அது ஒத்துக்கொள்ளாது. பெற்றவளுக்கு அதுகூடத் தெரியாது.

டிசம்பர் 23

ஒரு ஆளுக்கு உலை வைத்தேன். அரிசி மிஞ்சிவிட்டது. அளவு பழகவில்லை.

டிசம்பர் 24

மத்தியானம் போஸ்ட்மேன் பேர் சொல்லிக் கூப்பிட்டார். திருமதி அன்னபாக்கியம். என் பேருக்கு இதுவரை தபால் வந்ததே இல்லை. நாசரேத் முத்திரை.

பிரித்தேன். நீலத்துக்கு நடுவில் வெள்ளை நட்சத்திரம். பக்கத்தில் என் விரல். உள்ளே, "அத்தைக்கு அன்புடன் எப்சி."

எத்தனையோ வருஷமாக ஆசைப்பட்ட கார்டு. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் அவன் சொன்னது ஞாபகம் வந்தது. கார்டு வேற வீட்டுக்கு.

அப்படியென்றால் நான் இப்போது வேற வீடு. கனகபாய்க்குக் கார்டு வந்திருக்காது.

டிசம்பர் 25

விடியற்காலை ஆராதனைக்குப் போனேன். பழைய சேலைதான். எல்லோரும் "ஹாப்பி கிறிஸ்மஸ்" என்று சொல்லிக் கை கொடுத்தார்கள், என்னிடம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பாஸ்டரம்மா என் கையைப் பிடித்து, "எப்சி இல்லாம தனியா வந்தியளாம்மா?" என்று கேட்டார்கள். என் கையைப் பிடித்தும் அவளைத்தான் கேட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து ரெஜினா மகனிடம் எப்சிக்குப் போன் போடச் சொன்னேன்.

"கார்டு வந்துச்சு."

"நல்லாயிருக்கா அத்த?"

"என்னத்துக்கு அனுப்புன?"

போனில் பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம். அவள் குரல் இறங்கிவிட்டது. "ஒங்க விரலு இருந்துச்சே அத்த, அதான்" என்றாள். "அம்மாகூட இப்பத்தான் கேட்டாவ, எனக்கு ஒண்ணு கெடையாதான்னு. வீட்டுக்குள்ள குடுக்குத வழக்கம் இல்லன்னேன்."

வார்த்தை தானாக வந்துவிட்டது. இதையெல்லாம் எங்கே வைத்திருந்தேனோ.

"அப்ப இத ஒங்கம்மைக்குக் குடு. வந்து எடுத்துட்டுப் போ. வீட்டுக்குள்ள யாராவது கார்டு குடுப்பாவளாட்டி?"

போன் கட்டாகிவிட்டதோ என்று ரெஜினா மகனைப் பார்த்தேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அத்த."

"சொல்லு."

"அம்மா கோழிக்குழம்புல தேங்காயக் கொட்டிட்டாவ."

"எனக்குத் தெரியும்."

"வாறேன் அத்த."

எப்போது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 26

கார்டைப் பீரோமேல் வைக்கவில்லை. கவரில் திருப்பிப் போட்டு வாசல் பக்கத்து ஆணியில் செருகி வைத்திருக்கிறேன். வந்ததும் எடுத்துக்கொண்டு போகட்டும்.

சீப்பில் நீலம் போகவே இல்லை. அதிலேயே தலை சீவினேன்.

இன்று சாளை வரவில்லை. நாளைக்கு இரண்டு ஆளுக்கு வேண்டும் என்று மீன்காரியிடம் சொல்லியிருக்கிறேன்.